நனைந்த பாதம் ஏன் சுருங்குகிறது?

காட்டுப்பாதைகளில் ஓடிப் பழகும் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். வழியில் ஓடை வந்தால் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கலாமா? நனைந்த காலோடு ஓடினால் உள்ளங்கால் ஏன் இப்படிச் சுருங்கி வெளுத்துப்போகிறது?

முதல் கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஷூவோடேயே இறங்குங்கள். ஓடைக் கற்களின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கொழகொழப்பான படலமாகப் படிந்திருக்கும். வெறுங்கால் அதில் நிற்காது. குளிர்ந்த நீரில் மரத்துப்போன காலில் வெட்டு விழுந்தாலும் கரையேறி ரத்தத்தைப் பார்க்கும்வரை தெரியாது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாகப் போகும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் புகாத ஷூ வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கணுக்கால் விளிம்பு வழியாக ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால் அந்த ஷூ வாளிதான். வலைத்துணி ஷூ என்றால் சளக் சளக் என்று கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் பெரும்பகுதியை அதுவே வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

பள்ளியில் படித்ததை வைத்து நம்மில் பலரும் சொல்லும் பதில் இது: தோல் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, உப்பிய தோலுக்கு இடம் போதாமல் மடிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்புவதுதான் காரணம் என்றால், நரம்பு அறுந்த விரலும் சுருங்க வேண்டும். அதுவும் தண்ணீரைக் குடிக்கும் அதே தோல்தானே? அது சுருங்குவதில்லை. கையின் நடு நரம்பு பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் இதைக் கவனித்து 1936-இல் எழுதியவர்கள் தாமஸ் லூயிஸ், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரு மருத்துவர்கள். அந்த நரம்பு ஆளும் விரல்கள் தண்ணீரில் ஊறியும் வழவழவென்றே இருந்தன. அப்படியானால் சுருக்கத்தை உண்டாக்குவது நரம்பு. தண்ணீர் தூண்டிவிடுவதோடு சரி.

இன்று ஏற்கப்படும் விளக்கம் இதுதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைத் துளைகள் மிக நெருக்கம். அவற்றின் வழியே நீர் உள்ளே புகும்போது அங்குள்ள உப்புகளின் சமநிலை மாறி நரம்பு முனைகள் கிளர்ச்சியடைகின்றன. இதயத் துடிப்பையும் வியர்வையையும் நம்மைக் கேட்காமலேயே நடத்துகிற பரிவு நரம்பு மண்டலம், அந்தப் பகுதியின் சிறு ரத்த நாளங்களை இறுக்கச் சொல்கிறது. நாளங்கள் இறுகினால் ரத்தம் குறையும்; ரத்தம் குறைந்தால் விரலின் சதைப்பற்று கொஞ்சம் வற்றும். மேல்தோலின் பரப்பளவோ அப்படியே இருக்கிறது. பஞ்சு குறைந்த மெத்தையின் உறையைப் பார்த்திருப்பீர்கள்: தையல் பிடித்த இடங்களில் பள்ளம், மற்ற இடங்களில் மேடு. தோலும் உள்ளே நார்களால் அங்கங்கே பிடித்துக் கட்டப்பட்டிருப்பதால் அதே மாதிரி மடிகிறது. ஆக, விரல் வெளியே உப்பவில்லை, உள்ளே வற்றுகிறது. விரல் வெளிறித் தெரிவதற்கும் இந்த ரத்தக் குறைவு ஒரு காரணம். 2003-இல் சிங்கப்பூரில் ஐனார் வைல்டர்-ஸ்மித் குழுவினர் ரத்த ஓட்டத்தை அளந்தே இதைக் காட்டினார்கள்.

வெதுவெதுப்பான நீரில் இதற்குச் சில நிமிடங்கள் போதும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். ஓடையைக் கடக்க ஆகும் அரை நிமிடத்தில் எதுவும் நடக்காது. அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஈரச் சாக்ஸுக்குள் கால் வேகிறதே, அப்போதுதான் நடக்கிறது.

எதற்காக இந்த ஏற்பாடு? டயரின் பள்ளங்களைப் போல இந்த மடிப்புகள் தண்ணீரை ஓரமாக வடித்துப் பிடிப்பைக் கூட்டுகின்றன என்பது ஒரு கருத்து. 2013-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, சுருங்கிய விரல்கள் ஈரக் கோலிக்குண்டுகளை வேகமாக எடுத்து நகர்த்தின. காய்ந்த குண்டுகளில் வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டே பெர்லினில் ஒரு குழு செய்த சோதனையில் ஈரத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. கோலிக்குண்டும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துச் செய்கிற ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கையில் அடிபட்ட குழந்தையிடம் "இங்கே தொட்டால் தெரிகிறதா?" என்று கேட்டு நம்பகமான பதில் வாங்க முடியாது. வெந்நீரில் கையை வைத்து எந்த விரல் சுருங்கவில்லை என்று பார்த்தால் எந்த நரம்பு போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். 1970களிலிருந்தே மருத்துவர்கள் இதைச் சோதனையாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஓடுகிறவருக்கு என்ன சிக்கல் என்றால், அந்த மடிப்புகளால் வெறுங்காலுக்குப் பயன் இருக்கலாம், ஷூவுக்குள் இல்லை. பாறையைப் பிடிப்பது ஷூவின் அடிப்பற்கள்தான். உள்ளே நம் மடிப்புகள் சாக்ஸில் நசுங்குகின்றன. இதற்கிடையே மேல்தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதமும் நீரைக் குடித்து மெத்துமெத்தென்று பலவீனமாகிறது. ஈரத்தோலுக்கு உராய்வு காய்ந்த தோலைவிட அதிகம். சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொள்கிறது, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இந்த இழுபறியில் கிழிவது மேல்பரப்பு இல்லை, மேல்தோலின் உள்ளடுக்கு. அந்தப் பிளவில் நீர் கோத்தால் கொப்புளம். என் முதல் நீண்ட ஓட்டத்தில் ஐந்து ஓடைகளுக்குப் பிறகு சாக்ஸைக் கழற்றியபோது குதிகாலில் மடிப்பின் மேலேயே ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. இத்தனைக்கும் ஷூவுக்குள் ஒரு மணல் துகள்கூட இல்லை.

அன்றிலிருந்து கிளம்பும் முன் உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் வாசலின் கெட்டியாகப் பூசிக்கொள்கிறேன். அது நீர் புகுவதை மெதுவாக்கும், உராய்வையும் குறைக்கும். பருத்திச் சாக்ஸ் வேண்டாம், மெல்லிய கம்பளிச் சாக்ஸ் நல்லது. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். ஆனால் அடுத்த ஓடை அரைக் கிலோமீட்டரில் இருந்தால் அதை வெளியே எடுக்காதீர்கள், இருப்பதையே பிழிந்து போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஓடையைத் தாண்டியதும் உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காற்றாட விட்டு, மடிப்புகள் மறைந்த பிறகு காய்ந்த ஜோடியை மாட்டுங்கள்.