கோரையா, நாணலா? 'ரஷ்' என்ற செடிக்குத் தமிழ்ப் பெயர்

ஆங்கிலத்தில் 'ரஷ்' என்று வரும் நீர்நிலைச் செடியைத் தமிழில் சிலர் கோரை என்கிறார்கள், சிலர் நாணல் என்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் வாயில் எது முதலில் வருகிறதோ அதுவே அச்சாகிவிடுகிறது. ஆனால் கோரை ஒரு குடும்பம், நாணல் ஒரு குடும்பம், தாவரவியலார் ரஷ் என்று குறிப்பிடும் ஜங்கஸ் மூன்றாவது குடும்பம்.

கோரை நமக்கு நன்றாகத் தெரிந்த செடி. கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் வயலிலேயே பயிராகும் பாய்க்கோரையின் அறிவியல் பெயர் சைப்பரஸ் பங்கோரை. அந்தப் பெயருக்குள்ளேயே நம் கோரை ஒலிக்கிறது. மலையாளத்திலும் இது கோரதான். சங்கப் பாடல்களில் இதைச் சாய், பைஞ்சாய் என்பார்கள். சிறுமிகள் வைத்து விளையாடிய 'பைஞ்சாய்ப் பாவை' கோரையில் செய்த பொம்மை.

நாணலோ புல். கரும்புக்கு நெருங்கிய உறவு. தண்டில் கணு இருக்கும், ஆற்றோரத்தில் வெள்ளைப் பஞ்சாகப் பூக்கும். பழுப்பு நிறத்தில் தடித்த உருளைக் கதிர் நீட்டிக்கொண்டு நின்றால் அது சம்பு. அதை இந்த மூன்றோடும் சேர்க்க வேண்டாம்.

குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மோசேயின் கதையே போதும். குழந்தையை வைத்து நைல் நதியோரம் விட்ட பெட்டி தமிழ் வேதாகமத்தில் 'நாணற்பெட்டி'. எபிரேய மூலத்தில் இருப்பது 'கோமே', அதாவது பாப்பிரஸ். பாப்பிரஸ் சைப்பரஸ் இனத்துச் செடி, முழுக்க முழுக்கக் கோரை. 'கோரைப்பெட்டி' என்றிருந்தால் செடியும் சரியாக இருந்திருக்கும், தமிழ் வாசகருக்குப் பெட்டியும் கண்முன் வந்திருக்கும்.

இனி ஜங்கஸ். கட்டுதல், இணைத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையோடு இந்தப் பெயரைத் தொடர்புபடுத்துவார்கள். கட்டவும் பின்னவும் பயன்பட்ட செடி. பெரும்பாலும் குளிர்நாட்டுச் செடி, நீலகிரியின் சதுப்புகளிலும் உண்டு. ஜப்பானியர் தாதாமி விரிப்பின் மேற்பாயை நெய்வது இதில்தான். வேலை ஒன்று என்பதால் அதையும் கோரைப்பாய் என்று எழுதிவிடுகிறோம்.

தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். கோரை பெரும்பாலும் மூன்று பட்டையாகத் தட்டுப்படும், ஜங்கஸ் வழவழவென்று உருளும். ஆனால் உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் இருப்பதால் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். உறுதி செய்வது காய். ஜங்கஸின் காயைச் சுற்றி ஆறு சிறு இதழ்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். காய் வெடித்தால் பொடிப்பொடியாக நிறைய விதை கொட்டும். கோரையில் ஒரு பூவுக்கு ஒரே விதைதான், அதுவும் செதிலுக்குள் மறைந்திருக்கும்.

ஜங்கஸுக்குள்ளேயும் அண்ணன் தம்பி போல ஒன்றோடொன்று குழம்பும் மூன்று வகைகள் உண்டு. ஜங்கஸ் எஃப்யூசஸின் தண்டு பச்சையாகப் பளபளக்கும்; பிளந்தால் உள்ளே பஞ்சு போன்ற வெள்ளை நெட்டி இடைவெளி விடாமல் ஓடும். பிரிட்டனில் இந்த நெட்டியைக் கொழுப்பில் தோய்த்து விளக்கேற்றினார்கள். ஜங்கஸ் இன்ஃப்ளெக்ஸஸ் சாம்பல் பூத்த நிறம், தண்டில் வரிவரியாக மேடு. உள்ளே நெட்டி தட்டுத் தட்டாக விட்டுவிட்டு இருக்கும். ஒரு தண்டை நீளவாக்கில் கிழித்தாலே இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். ஜங்கஸ் காங்ளோமெரேட்டஸ்தான் சிரமம். எஃப்யூசஸ் போலவே நெட்டி, ஆனால் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே தண்டு மங்கலாக, விரலில் தட்டுப்படும் வரிகளோடு இருக்கும். கொத்து இறுக்கமா தளர்வா என்று பார்ப்பது உதவாது, எஃப்யூசஸிலும் இறுகிய கொத்து வரும்.

தமிழில் என்ன எழுதுவது? ஜங்கஸை ஜங்கஸ் என்றே எழுதலாம் என்பது என் கருத்து. பொதுவாசகருக்கு 'கோரை போன்ற ஜங்கஸ்' என்று ஒருமுறை சொன்னால் போதும். சைப்பரஸ் வரும் இடத்தில் தயங்காமல் கோரை என்று எழுதுங்கள். நாணலைப் புல்லுக்கே விட்டுவிடுங்கள்.