பேற்றன்ற்: காப்புரிமையா, ஆக்கவுரிமையா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வெல்டிங் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பனங்களி பிழிய ஒரு மெசின் செய்துகொண்டிருக்கிறார். "அண்ணை, இந்த ஐடியாவுக்குப் பேற்றன்ற் எடுக்கலாமோ?" என்று போன கிழமை கேட்டார். புதிதாக ஒன்றை ஆக்கியவருக்கு அரசு கொடுக்கும் தனியுரிமைதான் பேற்றன்ற் (patent). பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

திறந்திருத்தல் என்ற பொருளுடைய 'பத்தேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது பேற்றன்ற். அந்தக் காலத்து ஐரோப்பிய மன்னர்கள் ஒருவருக்குப் பதவியோ சலுகையோ கொடுத்தால், மடலை மடித்து ஒட்டாமல், முத்திரை அடியில் தொங்க, யாரும் வாசிக்கும்படி திறந்தே விடுவார்கள். அந்தத் திறந்த மடல்தான் பேற்றன்ற். வெனிஸ் 1474 இலேயே புதிய கருவி செய்தவருக்கென்று சட்டம் போட்டது. திறந்திருக்கும் குணம் இன்றும் போகவில்லை. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதவேண்டும். அதற்குக் கைம்மாறாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு தனியுரிமை.

பேற்றன்றுக்குத் தமிழில் பலர் சொல்லும் காப்புரிமை என்ற சொல் எனக்கு ஒட்டாததற்கு இதுவே காரணம். எதையோ பூட்டி வைப்பதுபோல ஒலிக்கிறது. போதாக்குறைக்கு, நூலுக்கும் பாட்டுக்கும் உரிய பதிப்புரிமையையும் பலர் அதே சொல்லால் குறிக்கிறார்கள். இலங்கையில் வழங்கும் ஆக்கவுரிமையே சரி. ஆக்கம் என்றால் செய்தது. பழந்தமிழில் அது செல்வமும்கூட.

தம்பி கேட்ட ஐடியாவுக்கு வருவோம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கருத்தை ஒதுக்கவில்லை. தொழினுட்பச் சிக்கல் ஒன்றை நடைமுறையில் தீர்க்கும் கருத்தையே புத்தாக்கம் என்கிறது. 'மெசினால் பிழிந்தால் நல்லதே' என்பது வெறும் ஆசை. தும்பு சிக்காமல் களி மட்டும் இறங்க எந்தச் சல்லடை, எந்தச் சுழற்சி என்று காட்டினால் அது ஆக்கம். அதுவும் புதிதாக, அத்துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாக, தொழிலுக்கு உதவுவதாக இருக்கவேண்டும். பனங்களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டை அழகாகப் பொதிசெய்து கனடாவுக்கு விற்கும் திட்டம் வியாபார முறை. அதற்கு ஆக்கவுரிமை இல்லை. மெசினின் தோற்றம் மட்டும் புதிதென்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம்: 5 ஆண்டு, இரண்டு தடவை புதுப்பிக்கலாம்.

சரி, இலங்கையில் எடுத்தது இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும். தம்பியிடம் சொன்னேன்: முகநூலில் படம் போட முதல், அந்தச் சல்லடையை அளவோடு கீறி வையுங்கோ.