இலவச கேமில் காசு கேட்கலாம், குலுக்கல் விற்கலாமா?

இலவசமாகக் கிடைக்கும் ரோல் பிளேயிங் கேமில் (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடுவது) காசு கேட்பது தப்பா என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. தப்பே இல்லை. சர்வர் ஓட வேண்டும், படம் வரைகிறவருக்குச் சம்பளம் போக வேண்டும். ரூன்ஸ்கேப் என்ற கேம் 2001இல் இலவசமாக வந்தது. அடுத்த வருடமே, மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் பகுதிகளைத் தனியே திறந்தது. சந்தா எவ்வளவு, அதற்கு என்ன கிடைக்கும், இரண்டும் முன்கூட்டியே தெரியும். வேண்டாமென்றால் இலவசப் பகுதியிலேயே சுற்றலாம். (பிற்பாடு அதிலும் குலுக்கல், அதாவது என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கட்டுவது, புகுந்தது வேறு கதை.)

தம்பு செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களின் பிரச்சினை சந்தா அல்ல. பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வந்தார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 89, 449, 89, மறுபடி 449 என்று பக்கம் பக்கமாகப் போயிருந்தது. பெரிய தொகை ஒன்றுகூட இல்லை. "கார்டு தொலையல சார், யாருக்கும் ஓடிபி சொல்லல. எப்படிப் போச்சு?" எட்டாவது படிக்கும் மகனுக்கு யுபிஐ பின் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அண்ணாச்சி கடையில் பால் வாங்க அவனிடம்தானே போனைக் கொடுத்து அனுப்புகிறோம்.

பையன் அந்தக் காசில் வாளோ கவசமோ வாங்கவில்லை. அவை கிடைக்கலாம் என்கிற வாய்ப்பை வாங்கியிருந்தான்.

இது எப்படி நடக்கிறது என்று காட்ட, எல்லோருக்கும் தெரிந்த ஜென்ஷின் இம்பாக்ட்டை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் ஆடியது வேறு கேம். 2020இல் வந்த இதில் காசு கொடுத்தால் ஜெனிசிஸ் கிரிஸ்டல் என்ற கேம் காசு கிடைக்கும். அதை பிரைமோஜெம் என்ற இன்னொரு கேம் காசாக மாற்ற வேண்டும். 160 பிரைமோஜெம் சேர்ந்தால் ஒரு குலுக்கல். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் வரும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90ஆவது குலுக்கலுக்குள் ஒன்று வந்துவிடும். ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்டதாக இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் அடுத்த 90க்குள் நிச்சயம் உண்டு. ஆக அதிகபட்சம் 180 குலுக்கல், 28,800 பிரைமோஜெம். ஆடி ஆடி இலவசமாகவும் சேர்க்கலாம் என்பது உண்மைதான், பொறுமை இருந்தால். அமெரிக்காவில் 99.99 டாலர் கொடுத்து வாங்கும் பெரிய பேக்கிலேயே, முதல்முறைச் சலுகை போக, 8,080தான் வரும், 50 குலுக்கல். இத்தனையும் கேமுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கதாபாத்திரம் ரூபாயில் எவ்வளவு என்று மட்டும் எங்கேயும் இருக்காது. 13 வயதுப் பையன் இந்தக் கணக்கைப் போட மாட்டான். பெரியவர்களே போடுவதில்லை.

பெல்ஜியம் 2018லேயே காசு கட்டித் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் இந்த மாதிரிக் குலுக்கல் பெட்டிகளைச் (லூட் பாக்ஸ்) சூதாட்டம் என்றது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, 2025 ஜனவரியில் இதே ஜென்ஷின் நிறுவனத்துடன் செய்த சமரசத்தில் 2 கோடி டாலர் அபராதம் போட்டது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குலுக்கல் விற்கக் கூடாது என்றும் நிபந்தனை வைத்தது. நம் ஊரில்? "அதான் தடை பண்ணிட்டாங்களே சார்" என்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய சட்டம் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை லாகின் கூடாது என்ற தமிழக விதியும் அவற்றுக்குத்தான். ஜெயித்ததைக் காசாக்க முடியாத இந்தக் குலுக்கல், என் வாசிப்பில், இரண்டிலும் லேசில் மாட்டாது. என்னைக் கேட்டால் மாட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்திலாவது.

பணம் திரும்ப வருமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் போடத் தகுதியற்றவர். அப்படிப் போட்டால் அது செல்லாது என்று 1903லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் சொல்லிவிட்டது. ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் அம்மாவுடையது, ஜிமெயில் அம்மாவுடையது, பின்னும் அம்மாவுடையது. வாங்கியது மகன்தான் என்று நிரூபிப்பதற்குள் போன பணத்தைவிட அலைச்சல் அதிகமாகிவிடும். அதனால் கோர்ட்டுக்கு முன்னால் கூகுள் பிளேவில் ரீஃபண்ட் கேளுங்கள், அதுவும் 48 மணி நேரத்துக்குள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடுத்த எடுப்பில் பேங்க்கில் டிஸ்ப்யூட் போட்டால் கேம் அக்கவுண்ட் முடங்கலாம். பையன் அழப்போவது பணத்துக்காக அல்ல, அதற்காகத்தான்.

அந்த அம்மாவிடம் கேமை அழிக்கச் சொல்லவில்லை. பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கச் சொன்னேன். யுபிஐ பின்னை மாற்றச் சொன்னேன். பிறந்த நாளுக்கு ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டுமென்றால், ஒரு தொகைக்கு கிஃப்ட் கார்டு. அதில் விலை தெரிந்த ஸ்கின்னோ (கதாபாத்திரத்தின் உடை, தோற்றம்) பாஸோ வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் முதலில் அந்த கூகுள் அக்கவுண்டில் சேர்த்து வைத்திருக்கும் கார்டையும் யுபிஐயையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கிஃப்ட் கார்டு தீர்ந்த மறுநாளே ஸ்டேட்மென்ட்டில் 89 ஆரம்பித்துவிடும்.