பிளடி மேரி: பெயர் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பக்கத்து ஹோட்டல்களில் பானப் பட்டியலைப் புரட்டினால் பிளடி மேரி என்ற பெயர் அநேகமாக இருக்கும். தக்காளிச் சாற்றில் வொட்கா, தேசிக்காய்ப் புளி, உப்பு, மிளகு, காரச் சோஸ், வூஸ்டர் சோஸ் சேர்த்து ஐஸோடு கலக்கும் பானம் இது. இனிப்பு கிடையாது. உப்பு, புளிப்பு, காரம் மூன்றும்தான் முன்னால் நிற்கும்.

தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். பாரில் நிற்கும் தம்பியிடம் இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "இரத்த மேரி" என்பதற்கு மேல் சொல்ல அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். தன் கையால் கலக்கும் ஒன்றைத் தன் மொழியில் விளக்கத் தெரிந்திருப்பது அவருக்கு உரிய உரிமை என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிளடி. ஆங்கிலத்தில் இரத்தம் தோய்ந்த என்பது இதன் நேர்ப்பொருள். ஏச்சுச் சொல்லாகவும் அது புழங்குகிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தோட்டங்களில் நம்முடைய பெரியவர்கள் அந்தச் சொல்லை ஏச்சாகத்தான் கேட்டிருக்கிறார்கள். பெயரில் உள்ள மேரியோ இங்கிலாந்தை 1553 முதல் 1558 வரை ஆண்ட முதலாம் மேரி அரசி. அவருடைய ஆட்சியில் 280க்கும் மேற்பட்ட புரொட்டஸ்தாந்துக்காரர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதனால் எதிரணியினர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பிளடி மேரி. ஆக, பெயர் பானத்தைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தது. அதில் வரும் இரத்தம் நிறத்தைக் குறிக்கவில்லை, கொலையைக் குறிக்கிறது. அந்தப் பெயர் தக்காளியின் சிவப்பைப் பார்த்துப் பானத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பது பரவலான விளக்கம். சிக்காகோவில் வேலை செய்த மேரி என்ற பரிசாரகப் பெண்ணின் பெயர், ஹொலிவூட் நடிகை மேரி பிக்ஃபோர்டின் பெயர் என்று வேறு கதைகளும் உண்டு.

யார் முதலில் கலக்கினார் என்பதிலும் சண்டை இருக்கிறது. 1920களில் பாரிஸில் ஹரிஸ் நியூயோர்க் பாரில் வேலை செய்த ஃபெர்னாண்ட் பெத்தியோ ஒருவர். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜோர்ஜ் ஜெசல் இன்னொருவர். பெத்தியோ பிறகு நியூயோர்க்கின் சென் ரீஜிஸ் ஹோட்டலுக்கு வந்தார். 1964ல் நியூயோர்க்கர் இதழிடம் அவர் சொன்ன விவரம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஜெசல் செய்தது வெறும் வொட்காவும் தக்காளிச் சாறும்தான், உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், புளி, வூஸ்டர் சோஸ் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது நான் என்றார் அவர். வெறும் சாற்றில் மதுவை ஊற்றுவது யாருக்கும் தோன்றும். மசாலா போட்டவர்தான் இதை ஒரு பானமாக்கினார். சென் ரீஜிஸில் பிளடி என்ற சொல் நாகரிகமாக இல்லை என்று ரெட் ஸ்னாப்பர் என்று பெயரை மாற்றினார்கள். அது ஒரு சிவப்பு மீனின் பெயர். இன்று ஜின் ஊற்றிச் செய்யும் வகைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இரத்த மேரி, குருதி மேரி இரண்டும் வேண்டாம். ஒருத்தருடைய பட்டப்பெயரைச் சொல் சொல்லாகப் பெயர்த்தால் குடிக்கிறவருக்கு எதுவும் விளங்காது, அருவருப்புத்தான் மிஞ்சும். அதைவிட மோசமானது கன்னி மேரி. மது சேராத வகையை ஆங்கிலத்தில் வேர்ஜின் மேரி என்கிறார்கள். ஆங்கில பார் வழக்கில் வேர்ஜின் என்றால் மது கலக்காதது, அவ்வளவுதான். தமிழில் கன்னி என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. மலையகத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் செபமாலையில் சொல்லும் மாதாவின் பெயரை மதுக்கடைப் பட்டியலில் விலை போட்டு எழுதுவது மனதை நோகடிக்கும். மது சேராதது என்று எழுதினால் போதும், பொருளும் அதுதான்.

காக்டெய்லுக்கு மதுக்கலவை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, பொருத்தமானதும்கூட. 1806ல் நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று காக்டெய்ல் என்றால் மது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு நான்கும் சேர்ந்தது என்று விளக்கம் எழுதியது. ஆனால் பிளடி மேரியை மதுக்கலவை என்று தொடங்கினால் மதுவில்லாத வகைக்குப் பெயர் வைக்க முடியாமல் போய்விடும். போயா தினங்களில் இலங்கை முழுக்க மது விற்பனைக்குத் தடை. அன்றைக்கு அந்த பாரில் கொடுக்கக்கூடியது மது சேராத வகை மட்டும்தான். அதை மதுவில்லாத மதுக்கலவை என்றா எழுதுவது?

என் முடிவு இது. இந்தப் பானத்தின் ஆதாரம் தக்காளிச் சாறும் அதில் சேரும் உப்பு, புளி, காரமும். மது மாறிக்கொண்டே இருக்கிறது, சில வேளை இல்லாமலும் போகிறது. ஆகவே பெயரைத் தக்காளியிலிருந்து தொடங்க வேண்டும். தக்காளிக் காரச்சாறு என்பது என் பரிந்துரை. தமிழில் சாறு என்றால் பிழிந்தெடுத்தது, தமிழ்நாட்டில் சில ஊர்களில் ரசத்துக்கும் அதுவே பெயர். ரசத்தில் நாம் போடும் தக்காளி, புளி, மிளகு, உப்பு எல்லாம் இந்தக் கிளாஸிலும் இருக்கிறபடியால் பெயர் அந்நியமாக ஒலிக்காது. இன்னொரு காரணமும் உண்டு. லயத்து வீடுகளில் சாராயமும் கசிப்பும் செய்த கேட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மதுவை மையமாக வைக்காத ஒரு பெயர் நமக்கு நல்லது.

இதனால் பிளடி மேரி என்ற பெயரை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. இடுகுறிப் பெயராக அது அப்படியே இருக்கட்டும். நம்முடைய மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டு போனபோது மொழிபெயர்க்கவில்லை, வாய்க்கு வந்தபடி மலிகட்டோனி என்று தங்கள் அகராதியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வொட்கா என்ற ரஷ்யச் சொல்லும் தண்ணீரைக் குறிக்கும் வோடா என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். நம் பேச்சிலும் மதுவுக்குத் தண்ணி என்று பெயர் இருப்பது நல்ல பொருத்தம். தக்காளிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பழம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பெயரோ மணத்தக்காளி போன்ற நம் ஊர்ச் சிறு பழங்களுக்கு இருந்தது. புதிய பழத்துக்குப் பழைய பெயரைக் கொடுத்தோம், சிங்களத்திலும் அது தக்காளிதான்.

இனிச் செய்முறை. பார்காரர்களின் சர்வதேசச் சங்கம் சொல்லும் அளவு 45 மில்லிலீற்றர் வொட்கா, 90 மில்லிலீற்றர் தக்காளிச் சாறு, 15 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு. மற்றவை ருசிக்கேற்ப. இதைக் குலுக்கக்கூடாது. குலுக்கினால் தக்காளிச் சாறு நுரைத்து நீர்த்துவிடும். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு மெதுவாக மாற்றி ஊற்ற வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு உருட்டுதல் என்ற பொருள்பட ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை. பிளேன்டீயை ஆற்றுவதுபோல ஆற்றினால் சரி, ஆற்றுதல் என்றே சொல்லலாம். பக்குவம் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

வூஸ்டர் சோஸ் 1837லிருந்து கடைக்கு வந்த இங்கிலாந்துச் சரக்கு. அதில் புளியும் இருக்கிறது, நெத்தலி மீனும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. விரதம் இருக்கிறவர், மச்சம் சாப்பிடாதவர் ஒருவர் மது சேராத தக்காளிக் காரச்சாறு கேட்டால் இந்தச் சோஸை ஊற்றிக் கொடுப்பது பெரிய பிழை. அவருக்குக் கரைத்த பழப்புளியும் துளி கருப்பட்டியும் போதும்.

மச்சம் சாப்பிடுகிறவருக்கு எதிர்த்திசையில் போகலாம். மாசிக் கருவாட்டைத் தூளாக்கி ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். 1908ல் கிகுனாயே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றில் குளூட்டமேற்றைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். பழுத்த தக்காளியில் குளூட்டமேற் தாராளமாக இருக்கிறது. உலர்ந்த சூரை மீனில் உள்ள இனோசினேற் அதோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். மாசி என்பது உலர்ந்த சூரைதானே. கட்டச்சம்பலில் மாசி சேரும்போது ரொட்டி இன்னும் இரண்டு கேட்பதற்கும் இதுவே காரணம். நம் அறுசுவைக் கணக்கில் இதற்குத் தனிப் பெயர் இல்லை, உமாமி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் செய்முறையில் ஹோர்ஸ்ரடிஷ் என்ற காரக் கிழங்கைத் துருவிப் போடுவார்கள். முருங்கை வேரில் அதே நெடி இருப்பதால் வெள்ளைக்காரர் முருங்கையையே ஹோர்ஸ்ரடிஷ் மரம் என்று அழைத்தார்கள். ஆனால் முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுப் பொருள் உண்டு, அதைத் தொடவேண்டாம். கடுகை வினாகிரி விட்டு அரைத்துக் கால் தேக்கரண்டி சேர்த்தால் மூக்கில் ஏறும் அதே காரம் கிடைக்கும். இரண்டிலும் காரத்தைத் தருவது ஒரே வேதிப்பொருள். காரச் சோஸுக்குப் பதில் கொச்சிக்காய், மிளகுக்கு மாத்தளை மிளகு, தக்காளி வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்தில் செடியிலேயே பழுத்தது. அலங்காரத்துக்கு நுவரெலியாச் செலரி. இலையோடு நிறுத்தினால் வாசம் நன்றாக ஏறும்.

மது மாறினால் பெயர் எப்படி மாறும் என்பது இப்போது சுலபம். டகீலா ஊற்றினால் ஆங்கிலத்தில் பிளடி மரியா, நமக்கு டகீலாத் தக்காளிக் காரச்சாறு. தென்னஞ்சாராயம் ஊற்றினால் சாராயத் தக்காளிக் காரச்சாறு. தென்னஞ்சாராயத்துக்கு லேசான இனிப்பு வாசம் உண்டு, அதனால் புளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், இஞ்சிச் சாறு சில துளி விட்டால் இன்னும் பொருந்தும். மெக்சிக்கோவின் மிச்சலாடா பியரில் செய்வது. கனடாவில் சீசர் என்று ஒன்று பிரபலம். 1969ல் கல்கரி நகரில் வால்டர் செல் என்பவர் உருவாக்கியது, அதில் தக்காளிச் சாற்றோடு சிப்பிச் சாறும் சேரும். அதைச் சிப்பித் தக்காளிக் காரச்சாறு என்று சொல்லலாம்.

இந்தப் பானத்தை வழக்கமாகப் பரிமாறும் பிரஞ்ச் என்ற சாப்பாட்டுக்கும் ஒரு வரி. 1895ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரையில் பரிந்துரைத்த சாப்பாடு அது. காலை உணவு, மதிய உணவு இரண்டின் ஆங்கிலப் பெயர்களையும் வெட்டி ஒட்டியது. தமிழில் முற்பகல் உணவு என்றால் நேரமும் விளங்கும், பொருளும் விளங்கும்.

பட்டியலில் எழுதும்போது முதலில் பிளடி மேரி, அதன் கீழ் தக்காளிக் காரச்சாறு, பிறகு என்ன மது அல்லது மது சேராதது, கடைசியில் மீன் சேர்ந்ததா இல்லையா என்று எழுதுங்கள். கிளாஸ் விளிம்பில் உப்புத் தடவுவதாக இருந்தால் அதையும் போடுங்கள், பிரஷர் உள்ளவர்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.