காலிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மனவியல் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது என்னை அதிகம் அலைக்கழித்த ஆங்கிலச் சொல் 'காலிங்' (calling). 'அழைப்பு' என்று போட்டால் கைபேசி அழைப்பா, கல்யாண அழைப்பா என்று வாசகர் விழிப்பார். 'தொழில்' என்றால் பாதிப் பொருள் போய்விடும். 'இந்த வேலைக்காகத்தான் நான் இருக்கிறேன்' என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அந்த உணர்வுக்குத்தான் அங்கே காலிங் என்று பெயர்.

இதற்கு அண்ணன் முறை 'வொகேஷன்'. லத்தீனில் 'வொகாரே' என்றால் கூப்பிடுவது. ஆங்கில இலக்கணத்தில் விளி வேற்றுமைக்கு 'வொகேட்டிவ்' என்று பெயர்; அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். ஐரோப்பாவின் இடைக்காலத்தில் துறவிகளுக்கும் பாதிரியார்களுக்கும்தான் இந்தச் சொல் பெரும்பாலும் உரியதாக இருந்தது. கூப்பிடுபவர் கடவுள், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் அதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்: உழுபவருக்கும் தைப்பவருக்கும் அவரவர் வேலையே இறைவனின் அழைப்பு. அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல் 'பெரூஃப்'. அதற்குள்ளும் கூப்பிடுதல் என்ற வினை ஒளிந்திருக்கிறது. இன்று ஜெர்மனியில் அதற்கு வெறும் தொழில் என்றுதான் பொருள். ஆங்கிலத்தின் 'வொகேஷனல்' நம்மிடம் தொழிற்கல்வி ஆகிவிட்டது. கூப்பிட்ட குரல் வழியிலேயே தேய்ந்துபோயிற்று.

மனவியல் அந்தக் குரலை வேறு வழியில் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா குழுவினர் 1985இல் மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: பிழைப்பு, முன்னேற்றம், காலிங். 1997இல் ஏமி ரெஸ்னெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 196 பேரிடம் கேட்டபோது இந்த மூன்று விதத்தினரும் ஏறக்குறைய சமமாக, அதாவது மூன்றில் ஒரு பங்காகவே இருந்தார்கள். அவர்களுக்குள் 24 பேர் ஒரே மாதிரியான அலுவலக உதவியாளர் வேலை பார்த்தவர்கள். அந்தச் சின்னக் கூட்டமும் அப்படியே மூன்றாகப் பிரிந்தது. ஆக, காலிங் என்பது வேலையின் பெயர்ப்பலகையில் இல்லை.

ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் பின்னர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார்கள். சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளியோடு இரண்டு வார்த்தை பேசினார்கள், வழி தெரியாமல் நின்ற உறவினருக்கு உதவினார்கள். குணமாக்கும் வேலையில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று எண்ணினார்கள். அப்புறம், 2009இல் மனவியலாளர்கள் பிரையன் டிக், ரையன் டஃபி இருவரும் தந்த வரையறையிலும் தனக்கு அப்பாலிருந்து வரும் அழைப்பு, வாழ்க்கைக்குப் பொருள் என்பவற்றோடு பிறர்நலமும் ஒரு கூறாக இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. விலங்குக்காட்சிசாலைப் பணியாளர்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்றும் அதே 2009இல் வந்தது. வேலையைக் காலிங்காக எண்ணியவர்கள் குறைந்த சம்பளத்தையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் அதைச் சாதகமாக்கிக்கொள்ளவும் இடம் இருந்தது. 'இது வேலை இல்லை, சேவை' என்று முதலாளி பேச ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆர்வம்', 'விருப்பம்' இரண்டும் ஆகாது. அவற்றுக்கு ஒரே ஆள் போதும். அழைப்புக்கு இரண்டு பேர் வேண்டும். 'ஊழ்' மறுக்க முடியாதது, அழைப்பை மறுக்கலாம். 'விளி' அழகான பழஞ்சொல், தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே இருக்கிறது. ஆனால் 'விளிதல்' என்றால் இறத்தல். அதைப் போய் ஒருவருடைய வாழ்வின் நோக்கத்துக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. கிறித்தவ வழக்கில் 'இறையழைத்தல்' வேரூன்றிவிட்டது. அந்தச் சூழலுக்கு அதுவே சரி. 'உள்ளழைப்பு' என்று எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். குரல் முழுக்க உள்ளேயிருந்தே வருவதாக ஆகிவிடும். அதனால் கலைச்சொல்லாக 'வாழ்வழைப்பு' என்று எழுதுகிறேன்.

ஆனால் சாதாரண வாக்கியத்தில், 'கற்பிப்பதே அவருடைய காலிங்' என்பதை, 'கற்பிப்பதே தன் கடன் என்று வாழ்ந்தார்' என்று எழுதினால் இயல்பாக இருக்கிறது. கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் தொடங்குவதே 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்றுதான். காலிங் என்ற சொல் கூப்பிட்டது யார் என்று பின்னால் பார்க்கிறது. கடன் என்ற சொல் யாருக்குத் தர வேண்டும் என்று முன்னால் பார்க்கிறது. இரண்டிலும் இன்னொருவர் இருக்கிறார்.

'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பரின் அடியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். பெரும்பாலும் அந்த ஒரு அடியோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு முந்தைய அடி சிவனின் கடனைச் சொல்கிறது: 'தன்கடன் அடியேனையும் தாங்குதல்'.