அடுத்த வாரம் எங்கே போகிறோம்?

டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டத்தில் ஒவ்வொரு செஷனிலும், அதாவது ஒவ்வொரு அமர்விலும், ஆட்டக்காரர்கள் முன்னால் மூன்று வழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து செஷன் முடிவதற்குள் கதை போகக்கூடிய பாதைகள் 59,049 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சனிக்கிழமை இரவு நோட்டைத் திறக்கிற கேம் மாஸ்டரால் அதில் ஒன்றிரண்டைத்தான் எழுத முடியும். ஆட்டக்காரர்கள் இஷ்டப்படி சுற்றும் சாண்ட்பாக்ஸ், எழுதிவைத்த வரிசையில் போகும் கதைவழிக் கேம்பெய்ன் இரண்டும் இந்தக் கணக்கைச் சமாளிக்கும் இரண்டு வழிகள்.

டேபிள்டாப் ரோல்பிளே பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். உலகத்தையும் அதிலுள்ள மற்ற அத்தனை பேரையும் கேம் மாஸ்டர் நடத்துவார். ‘கதவை உடைக்கிறேன்’ என்றால் உடைந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். மாதக்கணக்கில் தொடரும் ஒரே ஆட்டம்தான் கேம்பெய்ன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக வந்தபோது அதில் கதை என்று எதுவும் கிடையாது. நிலவறைக்கு வெளியே சுற்ற வேண்டுமா, அவலான் ஹில் நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்ற பலகை விளையாட்டின் வரைபடத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள் என்றது அந்தப் புத்தகம். காடு இருக்கிறது, போவது உங்கள் பாடு. பத்து ஆண்டு கழித்து, 1984-ல், அதே ஆட்டத்துக்கு வந்த டிராகன்லான்ஸ் என்ற ஆயத்தக் கதைத் தொகுதிகள் நேர் எதிர்த் திசையில் போயின. நாயகர்கள் தயார், போர் தயார், அத்தியாய வரிசையும் தயார். பின்னால் வரும் தொகுதிகளுக்குத் தேவைப்படும் பாத்திரம் நடுவிலேயே செத்துவிட்டால்? உடல் யார் கண்ணிலும் படாதபடி சாகடியுங்கள், பிறகு திரும்பக் கொண்டுவரலாம் என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். வரிசையைக் காப்பாற்ற என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது இந்த ஒரு விதியிலேயே தெரிகிறது.

கதைவழியில் கேம் மாஸ்டர் தயாரிப்பது ‘என்ன நடக்கும்’ என்பதை. சாண்ட்பாக்ஸில் தயாரிப்பது ‘எங்கே என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும்’ என்பதை. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

முதலில் சாண்ட்பாக்ஸ். வேண்டியது ஹெக்ஸ் எனப்படும் அறுகோணக் கட்டம் போட்ட ஒரு தாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 எக்ஸ்பர்ட் பதிப்பு பழக்கிவிட்ட 6 மைல் கட்டமே இன்றும் வசதியானது. அதிகச் சுமையில்லாத குழு சமவெளியில் நாளுக்கு 24 மைல், அதாவது நான்கு கட்டம் நடக்கும். காட்டிலும் குன்றிலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு. மலையிலும் சதுப்பிலும் பாதி. வழி தவறுகிறதா என்று நாளுக்கொரு முறை ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும்: சமவெளியில் 1 விழுந்தால் தவறும், காட்டில் 1 அல்லது 2, சதுப்பில் 3 வரைக்கும். 6 மைல் கட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 80 சதுர கிலோமீட்டர். திறந்தவெளியில் நிற்கும் மனிதருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். ஆகக் கட்டத்தின் நடுவில் நின்றால் அதன் ஓரம் வரைதான் கண்ணுக்கு எட்டும். பக்கத்துக் கட்டத்தில் இருப்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு ஊர், சுற்றி இரண்டு வளையம், மொத்தம் 19 கட்டம். ஆரம்பத்துக்கு இது போதும். சமவெளியென்றால் வெளி வளையம் அரை நாள் நடை. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் ஊர் திரும்பலாம். ஊரைச் சுற்றியுள்ள பதினெட்டில் ஏழெட்டுக் கட்டத்தில் மட்டும் எதையாவது வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: அங்கே இருப்பது என்ன, அதற்கு வேண்டியது என்ன. கண்டம் முழுக்க வரைந்து ஐந்நூறு ஆண்டு ராஜவம்சத்தையும் எழுதிவைக்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. அதில் பெரும்பகுதி நோட்டை விட்டு வெளியே வருவதில்லை.

முதல் செஷனிலேயே பல சாண்ட்பாக்ஸ்கள் படுத்துவிடும். கேம் மாஸ்டர் வரைபடத்தை விரித்து, ‘எங்கே வேண்டுமானாலும் போகலாம்’ என்பார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் யாரோ ஒருவர் கேட்பார்: ‘சரி, நாங்க எங்க போகணும்னு நீங்க நினைக்கிறீங்க?’ இதற்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயர்ப்பலகை இல்லாத முச்சந்தியில் இடமா வலமா என்று கேட்டால் காசைச் சுண்டத்தான் தோன்றும். தேர்ந்தெடுக்கத் தகவல் வேண்டும். அந்தத் தகவலைச் சாண்ட்பாக்ஸில் கொண்டுவருவது வதந்தி.

‘வடக்கே ஏதோ பழைய கோபுரம் இருக்கிறதாம்’ என்பது செத்த வதந்தி. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘வடக்கே அரை நாள் நடையில் இடிந்த கோபுரம் ஒன்று. போன மாதம் ஆடு மேய்க்கிற பையன் அங்கே வெள்ளிக் குவளை பொறுக்கிக்கொண்டு வந்தான். அவனோடு போன தம்பி திரும்பவில்லை.’ தூரம், ஆதாயம், ஆபத்து மூன்றும் வந்துவிட்டன. இப்படி எட்டுப் பத்து எழுதி, அதில் இரண்டைப் பொய்யாக வைத்துக்கொள்ளலாம். பொய்யைக் கூட்டிக்கொண்டே போனால் யாரும் வதந்தியை நம்பமாட்டார்கள். மறுபடி காசு சுண்டல்தான்.

பழைய விதிகளில் ஒரு தங்கக்காசைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் ஓர் அனுபவப் புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 புள்ளி வேண்டும். சண்டையில் கிடைப்பது சொற்பம். அதனால் ஆட்டக்காரர்களே புதையலைத் தேடிக் கிளம்புவார்கள், முடிந்தவரை சண்டையைத் தவிர்ப்பார்கள். இப்போது பலர் கதையில் குறிப்பிட்ட கட்டம் வந்ததும் எல்லாருக்கும் ஒரு நிலை உயர்வு என்று கொடுக்கிறார்கள். கதைவழிக்கு அது பொருந்தும். அதையே சாண்ட்பாக்ஸுக்குள் கொண்டுவந்தால் ஊரை விட்டு வெளியே கால் வைக்கக் காரணமே இல்லாமல் போகும். ‘எங்கள் குழுவுக்குச் சாண்ட்பாக்ஸ் சரிப்படவில்லை’ என்று சொல்பவர்கள் முதலில் புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்று பார்ப்பது நல்லது.

எதிரே வருபவரின் மனநிலைக்கும் பகடை உண்டு. 1981 பேசிக் பதிப்பின்படி, அந்தச் சந்திப்பு எப்படிப் போகும் என்று முன்கூட்டித் தெரியாதபோது இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுவார்கள். 2 விழுந்தால் உடனே தாக்குதல். அதன் வாய்ப்பு முப்பத்தாறில் ஒன்றுதான். 3 முதல் 5 வரை பகைமை. 6 முதல் 8 வரை குழப்பம், இது முப்பத்தாறில் பதினாறு. அதாவது வழிப்பறிக்காரர்கள் எதிர்ப்பட்டால் பல சமயம் அவர்களும் நின்று யோசிப்பார்கள். பேச இடம் கிடைக்கும், பேச்சிலிருந்து பேரம், பேரத்திலிருந்து பகையோ கூட்டணியோ. கேம் மாஸ்டர் எழுதாத கதை பிறப்பது இங்கேதான். இந்தப் பகடையைத் தூக்கிவிட்டு எல்லாச் சந்திப்பையும் சண்டையாக்கினால் சாண்ட்பாக்ஸ் வெறும் வேட்டைக்காடாகிவிடும்.

கதைவழிக் கேம்பெய்னில் சிக்கல் வேறு மாதிரி. துப்பறியும் கதையில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஒரே ஒரு துப்பு. அது கண்ணில் படும் வாய்ப்பு 70 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். ஐந்தையும் கடக்கும் வாய்ப்பு வெறும் 17 சதவீதம்! எழுதியவருக்கு விடை தெரியுமென்பதால் பூட்டிய மேசைக்குள் இருக்கும் கடிதம் கண்முன்னே கிடப்பதாகத் தோன்றும். ஆட்டக்காரர்கள் மேசையை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விடுவார்கள். பிறகு கேம் மாஸ்டரே எவனோ ஒரு வழிப்போக்கனை அனுப்பிக் கடிதத்தைக் கையில் திணிக்க வேண்டியதாகும். ரோல்பிளே பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-ல் எழுதிய மூன்று துப்பு விதி இதற்கு நேரடி மருந்து: அவர்கள் வந்துசேர வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். அதே 70 சதவீதத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று துப்பு என்றால் கடைசி வரை போகும் வாய்ப்பு 87 சதவீதம். மூன்றும் ஒரே அறையில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒன்று கடிதம், ஒன்று சாட்சி, ஒன்று செருப்பில் ஒட்டிய செம்மண் என்று வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வகையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: செத்தால் கதை நின்றுபோகும் என்ற நிலையில் இருக்கும் வில்லனை ஆட்டக்காரர்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். வசனம் பேசிவிட்டுப் போகத்தான் வந்தான் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். இருபதுமுகப் பகடையில் உச்ச அடியான இருபது விழ ஐந்து சதவீத வாய்ப்பு உண்டு, ஐந்து பேர் அடித்தால் இருபத்து மூன்று சதவீதம்.

எந்தப் பாதையில் போனாலும் அதே ராட்சசனைக் கொண்டுவந்து நிறுத்தலாமா என்பது தீராத சண்டை. எதுவும் தெரியாமல் இடப்பக்கம் திரும்பியவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்று வாதாடலாம். ஆனால் ஒற்றனுக்குக் காசு கொடுத்து ‘இடப்பக்கம் பாதை சுத்தம்’ என்று உறுதிசெய்துகொண்டு போனவர்கள் முன்னால் அதே ராட்சசன் நின்றால் அது பித்தலாட்டம். இரண்டாம் முறை அவர்கள் ஒற்றனைத் தேடமாட்டார்கள்.

நடைமுறையில் இரண்டுக்கும் நடுவேதான் நிறைய மேசைகள் ஓடுகின்றன. கதைவழியாக எழுதியதைத் தளர்த்த எளிய உத்தி, வாக்கியங்களிலிருந்து ஆட்டக்காரர்களை எடுத்துவிடுவது. ‘நாயகர்கள் பாலத்தில் தூதனைக் காப்பாற்றுகிறார்கள்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘12-ஆம் நாள் மாலை தூதன் பாலத்தைக் கடக்கிறான். அடியில் எட்டுக் கூலிப்படையினர் காத்திருக்கிறார்கள். யாரும் தடுக்காவிட்டால் 15-ஆம் நாள் கடிதம் வில்லன் கையில்.’ தூதனைக் காப்பாற்றலாம், தாங்களே கொள்ளையடிக்கலாம், ஊரில் குடித்துக்கொண்டும் கிடக்கலாம். 15-ஆம் நாள் எப்படியும் வரும்.

59,049 பாதைகளுக்குத் திரும்புவோம். பென் ராபின்ஸ் என்ற கேம் மாஸ்டர் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற சாண்ட்பாக்ஸ் கேம்பெய்னில் பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். எப்போது, யாரோடு, எங்கே என்பதை அவர்களே பேசி முடிவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவருக்கு அந்த ஒரு திசையைத் தயாரித்தால் போதும். உங்கள் மேசையிலும் செஷன் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, ‘அடுத்த வாரம் எங்கே போகிறோம்?’ என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தின் நடுவில் மனம் மாறிவிடுபவர்களுக்காக ஆறு வரியில் ஒரு சந்திப்பு அட்டவணையும், துண்டுச்சீட்டில் பத்துப் பெயர்களும் கைவசம் இருக்கட்டும். சத்திரக்காரன் பெயர் என்ன என்று எவராவது நிச்சயம் கேட்பார்கள். ‘அது வந்து...’ என்று இழுத்தீர்களானால், இவன் கதைக்கு வேண்டாதவன் என்று மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.