இரைச்சல் பொத்தானை அழுத்தினால் வன்முறையா?

ஒரு கல்லூரி மாணவர் ஆய்வுக்கூடத்தில் சிறிது நேரம் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடுகிறார். அப்புறம் இன்னொரு போட்டி. திரையில் சைகை வந்ததும் யார் முதலில் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்ப்பார்கள். தோற்றவர் காதில் ஹெட்போன் வழியாகக் கடும் இரைச்சல் பாயும். அது எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை எதிராளி தீர்மானிக்கலாம். அந்த எதிராளி பக்கத்து அறையில் இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். உண்மையில் அங்கே யாருமே இல்லை. வெற்றி தோல்வியைக் கம்ப்யூட்டரே முன்கூட்டி முடிவு செய்துவிட்டது. மாணவர் தேர்ந்தெடுக்கும் இரைச்சலைத்தான் அவருடைய ஆக்ரோஷத்தின் அளவாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் 2000-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இந்த வகைதான். சிலருக்கு உல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற சுடும் கேம், மற்றவர்களுக்கு மிஸ்ட் என்ற அமைதியான புதிர் கேம். சுட்டு ஆடியவர்கள், தாங்கள் தோற்ற சுற்றுக்குப் பிறகு, எதிராளிக்குச் சற்று நீளமான இரைச்சலைக் கொடுத்தார்கள். செய்திகளில் இது "கேம் ஆடினால் வன்முறை" என்று சுருங்கிப்போனது.

இங்கே எனக்கு உறுத்துவது அந்த அளவுகோல்தான். இரைச்சலின் நீளத்தை எடுப்பதா, சத்தத்தை எடுப்பதா, இரண்டையும் பெருக்குவதா? முதல் சுற்று மட்டும் போதுமா, எல்லாச் சுற்றுகளின் சராசரியா? ஜெர்மானிய உளவியலாளர் மால்ட்டே எல்சன் இந்த முறையைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரே சோதனையிலிருந்து ஆக்ரோஷத்தைக் கணக்கிட 150-க்கும் மேற்பட்ட வழிகள் கையாளப்பட்டிருந்தன. இத்தனை வழிகள் இருந்தால் எதிர்பார்த்த விடை ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே வந்துவிடும். யாரும் வேண்டுமென்றே ஏமாற்ற வேண்டியதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இன்னொரு சிக்கல், ஒப்பிட்ட கேம்கள். ஒன்று பரபரப்பானது, மற்றொன்று நிதானமானது. வித்தியாசம் ரத்தத்தால் வந்ததா, வேகத்தால் வந்ததா? 2014-ல் உளவியலாளர் ஆண்ட்ரூ ப்ஷிபில்ஸ்கியும் சகாக்களும் இதைச் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட கேம்களில் டெட்ரிஸும் ஒன்று. கட்டைகளை அடுக்கும் கேம், அதில் சுடுவதற்கு ஆளே கிடையாது. அதை எரிச்சலூட்டும் அளவுக்குக் கடினமாக்கிக் கொடுத்தார்கள். இங்கே அளவுகோல் இரைச்சல் அல்ல, குளிர்ந்த நீர். அதை ஆடியவர்கள், அடுத்து வருபவர் அந்த நீரில் கூடுதல் நேரம் கையை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். கோபத்தைக் கிளப்பியது கேமில் தோற்றுக்கொண்டே இருந்த கடுப்பு.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே? 24 நீண்டகால ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைத் தொகுத்த 2018 அலசல் ஒன்று, வன்முறை கேமுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே சொன்னது. ஆனால் தொடக்கத்தில் இருந்த ஆக்ரோஷத்தையும் மற்ற காரணிகளையும் கழித்துப் பார்த்தால் அந்தத் தொடர்பின் அளவு 0.08. பிள்ளைகளிடையே காணும் ஆக்ரோஷ வேறுபாட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதையே அது விளக்கும். அதிலும் ஆக்ரோஷம் என்றால் பெரும்பாலும் தள்ளுமுள்ளு, அடிதடிதான்; கொலை அல்ல. அடுத்த ஆண்டே ப்ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும், எதை எப்படி அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, பிரிட்டனில் 14, 15 வயதுள்ள ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். கேமின் வன்முறையை அதிகாரபூர்வ தரச்சான்றை வைத்து மதிப்பிட்டார்கள். நடத்தையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டார்கள். தொடர்பு எதுவும் தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-ல், கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தைகளோடு சிறு தொடர்பு உண்டு, குற்ற வன்முறைக்குக் கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரமில்லை என்று பிரித்துச் சொன்னது.

குற்றப் புள்ளிவிவரத்தில் கதை இன்னும் திரும்புகிறது. அமெரிக்காவில் வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் கூடிய நாட்களில் தாக்குதல் குற்றங்கள் குறைந்ததாக 2009-ல் பொருளியலாளர்கள் கார்டன் டாலும் ஸ்டெஃபானோ டெல்லாவிஞ்ஞாவும் காட்டினார்கள். படம் மனதைச் சாந்தப்படுத்தியது என்று அதற்குப் பொருளில்லை. சண்டைக்கு நிற்கக்கூடிய இளைஞர்கள் அன்று மாலை கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார்கள், குடியும் குறைந்தது. பிரபலமான வன்முறை கேம்கள் விற்பனைக்கு வந்த வாரங்களைப் பார்த்த பொருளியலாளர்களுக்கும் குற்றம் கூடியதாகத் தெரியவில்லை. இரவெல்லாம் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் தெருவில் இல்லை.